நீள வண்டி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனுக்கு நான்கு ஜோடிக் கால்கள் தெரிந்தன. பளபளத்த ஷூ அத்தானுடையது. தேய்ந்த செருப்பு சித்தப்பாவுடையது. வெறுங்கால் அக்கா. ஓரிடத்தில் நிற்காமல் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்த கறுப்பு பூட்ஸ், வாசலில் நின்ற அமரர் ஊர்தியின் ஓட்டுநர்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்றாள் அக்கா.

"பார்த்துட்டிருக்கேன்."

"வண்டியத்தானே பாக்கறே? பொண்ணு பாக்கற மாதிரி இழுக்கறியேப்பா" என்றார் சித்தப்பா.

"சார், மயானத்துல மூணு மணின்னு எழுதியிருக்காங்க. தாண்டிச்சுன்னா அடுத்தவங்களை உள்ள விட்டுடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் ஓட்டுநர்.

அவன் டார்ச்சைப் பின்சக்கரத்தின் பக்கம் திருப்பினான். உள்ளே கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். அம்மா காலையிலிருந்து அழவில்லை, அதிகம் பேசவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஊர்திக்குப் பின்னால் இந்தக் காரில், பின் சீட்டில் உட்கார்ந்து அவள் போக வேண்டும். அவன்தான் ஓட்ட வேண்டும்.

அப்பா இருபத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டி அது. முதலில் ஒரு தொழிற்சாலை முதலாளிக்காக. முதலாளி புது வண்டி வாங்கிய பிறகு, பழையதைத் தானே வாங்கிக்கொண்டு தனக்காக. மற்ற கார்களைவிட ஒன்றரைச் சாண் நீளம். அந்த நீளம் முழுவதும் பின்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே போடப்பட்டது. ஓட்டுகிறவனுக்கு அதில் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பின்கதவைத் திறந்து பிடித்து அம்மாவை ஏற்றுவார். "முன்னாடி வந்து உக்காரேன்" என்று அம்மாவால் அவரை ஒரு நாளும் சொல்ல வைக்க முடியவில்லை. பின்னால் உட்காரத்தான் இந்த வண்டி என்பது அவர் கட்சி.

அவனுக்குப் பழைய கார்களைப் பரிசோதித்து மதிப்பிடுகிற வேலை. நூற்றுப் பன்னிரண்டு வரிகள் உள்ள ஒரு படிவம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், யாரும் கேட்காமலே, அப்பாவின் வண்டிக்கும் அதை நிரப்பி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். கடைசி வரி: 'ஓட்டத் தகுதியற்றது.' அப்பா அதை நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு, "என்ன ரிப்போர்ட்டு, சாப்ட்டாச்சா?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் ரிப்போர்ட்டு. அன்றிலிருந்து இருவரும் வண்டியைப் பற்றிப் பேசியதில்லை.

உண்மையில் அன்று பிரேக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. வயசு, துரு, உதிரி பாகம் கிடைக்காது என்று கூட்டிக் கழித்து அவன்தான் வண்டியைத் தோற்கடித்தான். அது அவனுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்கு அந்தக் கண்ணோடு பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவன் புதுப் படிவம் ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருந்தான். அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்?

வெளியே உருண்டு வந்து எழுந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் கறை. அத்தான் தன் காரிலிருந்து கேபிள் இழுத்து பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். மாதக்கணக்கில் நகராத வண்டி முதல் திருகிலேயே உறுமிக் கிளம்பியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பா கை பட்ட வண்டிடா!"

கேட் வரை ஓட்டினான். பிரேக் போட்டான். கச்சிதமாக நின்றது. பின்னால் வந்தான். நின்றது.

"பாஸ்! முத்திரை குத்திடு!" என்று சித்தப்பா கைதட்டப் போய், வீட்டு நிலைமை ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்.

அவன் இறங்கவில்லை. நாற்பத்தோராவது வரி: இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். பிடித்தான். முப்பத்தைந்து எண்ணும்போது, சேற்றில் கால் இறங்குவது போல, பெடல் மெல்ல உள்ளே போனது. காலை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தான். மறுபடி இறங்கியது. காலில்தான் தப்போ, செருப்பில்தான் தப்போ என்று செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது முறையும் பார்த்தான். தரையைத் தொட்டது.

"போகாது" என்றான்.

"இப்ப ஓட்டினியே!"

"பிரேக் உள்ள போகுது அக்கா. அழுத்திப் பிடிச்சா நிக்காது."

"யாருப்பா ஒரு நிமிஷம் பிரேக்கை அழுத்திக்கிட்டே இருப்பாங்க?" என்றார் அத்தான்.

"ஊர்தி பின்னாடி ஊர்ந்து போகும்போது அழுத்திக்கிட்டேதான் இருக்கணும் அத்தான். பாலத்துக்கு அப்புறம் முழுக்க இறக்கம். முன்னாடி அப்பா போறாரு. பின்னாடி நான் போய் இடிக்கணுமா?"

ஓட்டுநரின் பூட்ஸ் தட்டுவது நின்றது. அக்காதான் தொடங்கினாள்.

"அன்னிக்கும் இதைத்தான் எழுதி ஒட்டினே. செத்தப்புறமும் அவரை ஃபெயில் பண்ணியே தீரணுமா உனக்கு?"

"நானா பண்றேன்? பெடல் பண்ணுது! வா, நீயே வந்து மிதிச்சுப் பாரு!" படிவத்தை பானெட்டின் மேல் அறைந்தான். பேனா துள்ளிக் காருக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான், ஷெட் வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அம்மா, பிரேக்..."

"கேட்டுச்சு." அம்மா வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இது இப்பப் போனதா, முன்னாடியே போனதா?"

"உள்ள ஒரு ரப்பர் தேஞ்சிருக்கு. ஒரு நாள்ல தேயாது. அஞ்சாறு மாசம் ஆகியிருக்கும்."

"அப்படின்னா அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அப்பா காலுக்குத் தெரியாம எப்படிம்மா? எனக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கும்."

அம்மா பின்கதவின் கைப்பிடியில் விரலை வைத்தாள். திறக்கவில்லை.

"படுக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே என்னை ஏத்தறதை விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமையானா சட்டையைப் போட்டுக்குவாரு. இங்க வந்து வண்டியத் தொடைப்பாரு. உள்ள வந்துடுவாரு. என்னன்னு கேட்டா, சாமான் ஒண்ணு வரணும், வந்ததும் போலாம்பாரு." கைப்பிடியை விரலால் தடவினாள். "மாப்பிள்ளை கார்ல ஏசி நல்லா குளுகுளுன்னு இருக்குன்னு அதுக்கு முந்தின வாரம்தான் நான் சொல்லியிருந்தேன். அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன். இத்தனை நாளும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அத்தான் தன் ஷூவைப் பார்த்தார்.

"பிரேக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா உன் காதுக்கு வருமே."

சித்தப்பா இருமினார். அம்மா கைப்பிடியிலிருந்து விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போகாதுன்னா போகாது. நேரமாச்சு, அவரைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள். எதிர்பார்த்ததைவிட அப்பா லேசாக இருந்தார். சித்தப்பாவும் வேறு சிலரும் ஊர்தியில் ஏறிக்கொண்டார்கள். அத்தான் தன் சிறிய காரின் சாவியை நீட்டிவிட்டுத் தானும் ஊர்தியில் ஏறினார். அவன் அழுக்குச் சட்டையைக் கழற்றி, கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். அம்மாவுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறினாள். அக்கா மறுபக்கம் ஏறி, முன்னால் வந்து உட்கார்ந்தவனின் முகத்தைப் பார்க்காமல், உள்ளே மடங்கியிருந்த அவன் காலரின் ஓரத்தைக் கை நீட்டி இழுத்துவிட்டாள்.

ஊர்தி நகரத் தொடங்கியது. அவன் சாவியைத் திருகும்போது முதுகில் ஏதோ முட்டியது. அம்மா பழக்கத்தில் காலை நீட்டியிருந்தாள். சீட்டில் இடித்ததும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

அவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் நகர்த்தினான். ஒரு பல். இன்னொரு பல். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மேலும் ஒரு பல் நகர்த்திவிட்டு, கியரைப் போட்டான்.