அலுமினியக் கோடு

திரையில் 0.09 என்று வந்தது. வெங்கடலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

வரக்கூடாதே! இன்று திங்கள்கிழமை. காலையிலிருந்து யாகூபை உலைப் பக்கமே விடவில்லை. மதியம்தான் மூட்டிய உலையில் நிற்பது வேறு ஆள். உள்ளே போனது புத்தம் புது இரும்பு. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த அலுமினியம்?

கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, தண்ணீர் பம்ப்புகளுக்கு இரும்பு உடல் வார்க்கும் ஃபவுண்டரி அது. ஓரத்தில் கண்ணாடி போட்ட ஏசி அறைதான் அவளுடைய லேப். உருகிய இரும்பைக் கொஞ்சம் மொண்டு, காசு போல வார்த்து, ஜன்னல் சந்து வழியாக உள்ளே நீட்டுவார்கள். அவள் அதன் முகத்தை, சுழலும் உப்புத்தாள் பெல்ட்டில் தேய்த்து, ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்து, பட்டனை அழுத்துவாள். பளீரென்று ஒரு பொறி. மெஷின் அந்த வெளிச்சத்தை இழை இழையாகப் பிரித்துவிடும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். அலுமினியத்தின் கோடு ஊதா நிறம் முடிகிற விளிம்பில் நிற்கும். கார்பனும் கந்தகமும் அதற்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அந்த வெளிச்சத்தைச் சும்மா விட்டால் வழியிலேயே காற்று விழுங்கிவிடும். அதற்காகவே மெஷினுக்குள் ஆர்கான் வாயு ஓடிக்கொண்டிருக்கும்.

தூசி ஆகாது. அதனால் லேப் கதவை யாரும் திறப்பதில்லை. வீட்டிலும் அம்மா போன பிறகு தெலுங்கில் பேச ஆளில்லை. சில நாட்களில் அவள் வாயைத் திறப்பதே அந்த ஜன்னல் சந்தில்தான். எதிரில் யாகூப். ஒன்பது வருஷமாக உலை அவர் பொறுப்பு.

"ஏனுங்க அம்மணி, என்ர இரும்பு பாஸா, ஃபெயிலா? பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட நெஞ்சு இப்படி அடிச்சதில்லீங்க."

"பத்தாவதுல எத்தனை மார்க்குங்க?"

"அதையேன் கேக்கறீங்க. நல்ல மார்க்கு வாங்கியிருந்தா இந்த அனல்ல எதுக்குங்க நிக்கறேன்?"

அந்த யாகூபின் இரும்பில்தான் சனிக்கிழமை மதியம் அடுத்தடுத்து இரண்டு முறை அலுமினியம் எகிறியது. அவள் ரிப்போர்ட் அனுப்பினாள். உருக்கிய இரும்பு மொத்தமும் வார்ப்புக்குப் போகாமல் மணலில் கொட்டப்பட்டது.

இன்று காலை மேனேஜர் திருமூர்த்தி, லேப் ஜன்னலுக்கு முன்னாலேயே யாகூபை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பழைய அலுமினிய பிஸ்டனையெல்லாம் உள்ள தள்ளியிருக்கீங்க பாய். வார்ப்பு பூரா ஊசி ஓட்டை உழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் போடலீங்க சார்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதுங்களா? நாலு மணிக்குள்ள, வேலைய உட்டு நிக்கறேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. நானா எழுதுனா மருவாதி இருக்காது."

யாகூப் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் குனிந்து, சரியாகவே இருந்த பேப்பர்களைச் சரி செய்தாள். போட்டிருப்பார் என்றுதான் அவளும் நினைத்தாள். கோடு சொல்கிறதே!

இப்போது மணி மூன்று பத்து. திரையில் 0.09.

மெஷின்மேல் சந்தேகமா? காலையில்தான் ஸ்டாண்டர்டு துண்டை வைத்துச் சோதித்திருந்தாள். எது எவ்வளவு இருக்கிறது என்று சான்றிதழோடு வரும் இரும்புத் துண்டு அது. கணக்கு சுத்தமாக வந்தது. ஆனால்...

அவள் தேய்க்கும் பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் துண்டு சீக்கிரம் தேயக்கூடாது என்று தினமும் அதைத் தேய்ப்பதில்லை. ஒரு முறை தேய்த்த முகத்திலேயே இடம் மாற்றி மாற்றி ஒரு வாரம் ஓட்டுவது லேப் பழக்கம். கடைசியாகத் தேய்த்தது வெள்ளிக்கிழமை, பழைய பெல்ட்டில். சனிக்கிழமை மதியம் அந்த பெல்ட் தீர்ந்துபோனது. ஸ்டோரில் வேறு ரகம், பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். தேய்க்கத்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று வாங்கி மாட்டியவள் அவள்தான்.

ஸ்டாண்டர்டு துண்டை எடுத்தாள். பழுப்பு பெல்ட்டில் தேய்த்தாள். பட்டனை அழுத்தினாள்.

0.01 வரவேண்டிய இடத்தில் 0.08.

இந்தப் பழுப்பு பெல்ட்டின் மணல் முழுக்க அலுமினியம் ஆக்சைடு! தேய்க்கும்போது அதுதான் இரும்பின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. அலுமினியம் இருந்தது, காட்டியது. எப்படி வந்தது என்பது அதற்குத் தெரியாது.

பெல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது. இந்த அறைக்குள் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? வேலை போனால் நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு லேப் அவளுக்குக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவாள்?

மணி மூன்று முப்பத்தைந்து.

பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள். பாதி தூரத்தில் நடை ஓட்டமானது.

உள்ளே யாகூப் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் வெள்ளைத்தாள். பேனா மூடி கழன்றிருந்தது.

"எழுதாதீங்க! சார், தப்பு என்னோடதுங்க. அவரு ஒண்ணும் போடலீங்க."

திருமூர்த்தி முழுவதையும் கேட்டார். நம்பவில்லை. மூவரும் லேபுக்கு வந்தார்கள். சனிக்கிழமைக் காசு இரண்டையும் ஸ்டோரில் தேடிப் பிடித்த பழைய ரக பெல்ட்டில் தேய்த்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பொறி. 0.01. 0.01.

திருமூர்த்தி குனிந்து திரையை இன்னொரு முறை படித்தார்.

"நீங்க உலைக்குப் போங்க பாய்," என்றார் திருமூர்த்தி. அவள் பக்கம் திரும்பினார். "நடந்தது பூரா எழுதிக் குடுங்கம்மணி. முதலாளி பாத்துட்டு என்ன சொல்றாரோ, அதுதான். நாளைக்கு வர வேண்டாமுங்க. நாங்களே கூப்படறோம்."

அவர் போய்விட்டார். யாகூப் போகவில்லை. இந்த அறைக்குள் அவர் வந்தது இதுதான் முதல் தடவை.

"வந்து சொன்னீங்க. பெரிய மனசுதானுங்க," என்றார். "ஆனா ஒண்ணுங்க அம்மணி. மெஷினுகிட்ட ஒரு காசுக்கு மூணு தடவை கேக்கறீங்க. நீ போட்டியான்னு என்கிட்ட ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே."

அவர் வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவள் எழுத உட்கார்ந்தாள். சனிக்கிழமை மதியம் பெல்ட் மாற்றியது நான்தான் என்று முதல் வரி. இரண்டாவது வரியில் யாகூபின் பெயரை எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை.