இரவல் குரல்

கர்த்தரே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என் தொண்டையைக் கட்டிப்போடும்.

இசைவாணி சமையல்கட்டுக் கண்ணாடியில் வாயை அகலத் திறந்து பார்த்தாள். உள்நாக்கு சிவக்கக்கூட இல்லை. முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நின்று இரண்டு கிளாஸ் ஜிகர்தண்டா குடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு ஃபேனுக்கு அடியில் படுத்தாள். சின்னப் பிள்ளையில் ஐஸ் வண்டியைப் பார்த்தாலே கட்டிக்கொள்ளும் தொண்டை இது. இப்போது "ஆ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தால் கோயில் மணி மாதிரி கணீரென்று வருகிறது.

"என்ன வாணி, காலங்காத்தால பாட்டுக் கிளாஸா?" என்றான் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் ஆனந்த்ராஜ்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் மூட்டை இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விட்டவன். பெல்ட் போடாமல் எழுந்து உட்கார முடியாது. ஆனாலும் கேலி மட்டும் குறையவில்லை. பிறகு அவன் குரல் இறங்கியது.

"இந்த ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்க. நான் எந்திரிச்சிட்டா நீ வேலைக்கே போக வேணாம்."

எழுந்திருப்பான் என்று டாக்டர் சொல்லவில்லை. எழுந்திருக்க மாட்டான் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடும்பம் அவளுடைய குரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்தக் குரலும் அவளுக்குப் பிறந்தபோதே வந்ததில்லை. கன்னிவாடியில் தமிழ் மீடியத்தில் படித்து, காந்திகிராமத்தில் பட்டம் வாங்கி, மூன்று பள்ளிக்கூட இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தவள். ஒரு இடத்தில் கேள்வி கேட்ட அம்மாள், இவள் பதிலைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பல மாதம் காதிலேயே இருந்தது. பிறகுதான் செல்போனில் இங்கிலீஷ் ஆப்பை ஏற்றிக்கொண்டாள். வெஞ்சனம் தாளிக்கிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அதனோடு பேசினாள். தப்பாகச் சொன்னால் அது சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. மறுபடி சொல் என்றது. நூறு தடவை சொன்னாலும் அதே பொறுமையோடு நூற்றோராவது தடவைக்குக் காத்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்காத முதல் வாத்தியார் அதுதான். அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தொண்டைக்குள் இறங்கியது. நாலாவது இன்டர்வியூவில், நாகல் நகர் தாண்டி இருக்கும் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், தாளாளர் அழகுராஜா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "திங்கக்கிழமை வந்திருங்க மிஸ்" என்றார்.

இந்த வருடம் பள்ளி திறந்ததும் பள்ளிக்கூடமே ஒரு ஆப்பை வாங்கியது. வகுப்புக்கு ஒரு போன். பிள்ளை ஒரு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். சரியாகப் படித்தால் திரையில் ஒரு பூ, கைதட்டும் சத்தத்தோடு மலரும். பெற்றோரின் போனுக்கும் அந்தப் பூ போய்விடும். தப்பென்றால் சிவப்பு மொட்டு ஒன்று தலையைத் தொங்கப்போடும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொட்டுதான் வந்தது. அவர்களுக்குத் தெரிந்த படிப்பெல்லாம் கூரை ஓட்டை உடைக்கிற மாதிரி சேர்ந்து கத்துவது, ஒவ்வொரு வரியின் கடைசியையும் இழுத்து ராகமாக முடிப்பது. தனியாக நிறுத்தினால் பாதிப் பேருக்குக் காற்றுதான் வந்தது. மீதிப் பேர் கத்தினார்கள். போனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. வெளியே வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்தால் அதையும் பிள்ளை சொன்னதாக எடுத்துக்கொண்டு மொட்டைக் காட்டியது.

ரிஃபாத் என்கிற பிள்ளை மட்டும் பயப்படாமல் பேசிக்கொண்டே இருப்பாள். கையில் கிடைத்த நாலு இங்கிலீஷ் வார்த்தையைக் கோத்து ஒரு கதையே சொல்லிவிடுவாள். ஒருநாள் அவளுக்குத் தொடர்ந்து மொட்டாகவே வந்தது. உதடு பிதுங்கிவிட்டது. இசைவாணிக்குத் தாங்கவில்லை. குனிந்து, பிள்ளையின் காதோரம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். போன் அதைப் பிடித்துக்கொண்டது. பூ மலர்ந்தது. "எனக்குப் பூ! எனக்குப் பூ!" என்று ரிஃபாத் குதித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அடுத்து நின்ற பிள்ளை போனை ஏந்திக்கொண்டு, வாயை மூடி, மிஸ்ஸை அண்ணாந்து பார்த்தது. அதற்கடுத்த பிள்ளையும். ஒரு பிள்ளைக்குச் செய்ததை இன்னொன்றுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த வாரம் மூன்றாம் வகுப்பு முழுக்கப் பூவாகப் பூத்தது. தாளாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அதுவே முறையாகிவிட்டது. போன் வந்தால் பிள்ளை வாயை மூட வேண்டும், மிஸ் பேசுவார்கள், பூ வரும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ரிஃபாத்தின் அம்மா கேட் அருகே காத்திருந்தாள். கையில் தைக்கக் கொடுத்த துணிப்பை.

"மிஸ், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீகளே? போனப் பாத்தா தெனமும் பூவா வருது. சந்தோசந்தேன். ஆனா வீட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷ் வர மாட்டேங்குது. முன்னெல்லாம் ஆட்டுக்குட்டியக் கட்டிவச்சு பாடம் நடத்துவா. கம், சிட் டவுன், டோன்ட் ஈட் மை புக்குனு அம்புட்டு வாயடிப்பா. இப்ப ஆட்டுக்கிட்டகூடப் பேசுறதில்ல. ஏன்டீனு கேட்டா, 'நான் பேசுனா பூ வராதும்மா, மிஸ் பேசுனாத்தேன் வரும்'ங்கிறா. என்னமோ கூச்சப்படுறா போல. நீங்கதேன் கொஞ்சம் சரி பண்ணிவிடணும்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதுதான் இசைவாணியை அன்றிலிருந்து தூங்கவிடாமல் செய்தது. கன்னிவாடிப் பெண்ணான அவள் காதருகே அந்த நாட்களில் யாராவது குனிந்து, அவளுக்குப் பதிலாகச் சொல்லிக் காரியத்தை முடித்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு அவளுக்கு ஏது குரல்? அன்றைக்கு அவளுக்காகப் போன் காத்திருந்தது. நூறு தடவையும் காத்திருந்தது. அவளால் ஒரு பிள்ளைக்காக ஒருநாள் காத்திருக்க முடியவில்லை.

மறுநாளே தாளாளரிடம் போய் உடைத்துச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? வகுப்பு மொத்தமும் ஒரே குரல்ல பூக்குமா மிஸ்? மத்த மிஸ்ஸுக சொன்னாலும் அந்தச் சனியன் பூக்க மாட்டேங்குது. உங்களுக்கு மட்டுந்தேன்." பிறகு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். "எதுத்தாப்புல ஏசி போட்ட ஸ்கூல் வந்துருச்சு. எல்.கே.ஜி.ல வந்து பாருங்க, பெஞ்சுதான் உக்காந்திருக்கு. பெத்தவுக பூவைத்தான் கேக்குறாக. நான் எங்க போய்ப் பறிக்க? ஆப் கம்பெனிக்காரன் நம்மள ஒரு மாடல் ஸ்கூலாக் காட்டி வீடியோ போடுறேன்னு சொல்றான். அது வந்துட்டா பொழச்சுக்குவோம். இல்லைன்னா ஜூன்ல கேட்டப் பூட்ட வேண்டியதுதேன். உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மட்டும் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வீடியோதான் இன்றைக்கு.

மூன்றாம் வகுப்புச் சுவரில் புது பேப்பர் தோரணம். பிள்ளைகளுக்கெல்லாம் மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் பெரிய விளக்கை நட்டுவைத்து, ஃபேனை அணைத்துவிட்டார்கள். சிரித்த முகம் என்று ரிஃபாத்தை முன்னால் நிற்க வைத்தார்கள். கையில் போன். சொல்ல வேண்டியது இரண்டே வரி. என் பெயர் ரிஃபாத். நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். அதை இங்கிலீஷில் சொன்னால் போதும்.

"ரெடி பாப்பா."

போனில், சொல் கேட்கிறேன் என்பதுபோல் நீல வட்டம் ஒன்று விரிந்து சுருங்கியது. ரிஃபாத் வாயை மூடிக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தாள். மொட்டு தலையைத் தொங்கப்போட்டது. மறுபடி வைத்தார்கள். அவள் மறுபடி உதட்டை இன்னும் இறுக்கமாக மூடினாள். நல்ல பிள்ளையாக, சொல்லிக் கொடுத்தபடியே, கொஞ்சமும் பிசகாமல்.

"பாப்பா பேசவே பேசாதா சார்?" என்றான் கேமரா பையன்.

"பேசும் பேசும். பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியாது," என்று அழகுராஜா சிரித்தார். அவர் சட்டைக் காலர் வேர்வையில் ஊறியிருந்தது. இசைவாணியின் பக்கம் வந்து குனிந்தார். "மிஸ், கேமராவுக்குப் பின்னால நின்னு நீங்க சொல்லிருங்க. புள்ள வாய மட்டும் அசைக்கட்டும். கொஞ்சம் சின்னப்புள்ளக் குரலா வச்சுக்கங்க. ரெண்டே வரி. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

உண்மையிலேயே கும்பிட்டார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டே வரிதான். மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. ஆனந்த்ராஜின் மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஜூன் என்றால் என்ன என்றும் தெரியும். நாலாவது இன்டர்வியூவுக்கு அப்புறம் ஐந்தாவது ஒன்று இருக்கும் என்கிற நம்பிக்கை அவளுக்கு இல்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தாள். இவ்வளவு கேட்டும் அது கட்டிக்கொள்ளவில்லை. கர்த்தர் அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார் போல. குரல் தெளிவாக, தயாராக, உள்ளே நின்றது.

அவள் கேமராவுக்குப் பின்னால் போகவில்லை. ரிஃபாத்துக்கு எதிரே வந்து, புடவை தரையில் புரளக் குந்தி உட்கார்ந்தாள். பிள்ளை இரண்டு கையாலும் போனை ஏந்தியிருந்தாள். அதன் அடியில் தன் கையை ஏந்திக்கொண்டாள்.

"மிஸ்?" என்றார் அழகுராஜா.

"அது அவ பேரு சார், அவதேன் சொல்லணும்," என்றாள் இசைவாணி, திரும்பாமல்.

பிறகு ரிஃபாத் மூடியிருந்தது போலவே தன் உதடுகளை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். ரிஃபாத் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை. வெகுநேரம் திறக்கவில்லை. இருவர் கைகளுக்கும் மேலே, நீல வட்டம் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.