மிஷினுக்குச் சுற்றிய பூசணிக்காய்

ஆயுதபூஜைக்கு மறுநாள் நகராட்சி உரக்கிடங்கில் வாழைக்கன்றுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஊரில் இருக்கிற அத்தனை கடையும், குமுளி போகிற அத்தனை ஜீப்பும் ஒரு நாள் கட்டிக் கும்பிட்டுவிட்டு அறுத்து எறிந்தவை. அன்னத்தாய் அவற்றை அரிவாளால் துண்டு போட்டு அரைக்கிற மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அரைத்த கூழ் தொட்டிக்குள் போய்ப் புளித்துக் கேஸாக வேண்டும். அந்தக் கேஸில் அடுப்பு எரிவதைப் பார்க்க நாளைக்குச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள்.

முந்தின நாள் மிஷினுக்கும் பூஜை நடந்திருந்தது. சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் தன் கையாலேயே பூசணிக்காய்க்குள் குங்குமமும், எந்தக் கடைக்காரனும் வாங்க மறுக்கிற பத்து ரூபாய்க் காசு இரண்டும் திணித்து, மிஷினுக்குச் சுற்றி அதன் வாசலிலேயே போட்டு உடைத்தார். உடைந்ததை அப்படியே கூட்டிக் குவியலோடு சேர்க்கச் சொன்னதும் அவர்தான். ஒரு காசுதான் அகப்பட்டது. இன்னொன்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அது இப்போது மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தது. பிளேடு டமாரென்று உடைந்து, மோட்டாரும் புகைந்து நின்றது. ஓடி வந்த சூரியபிரகாஷ், காசு கிடப்பதைப் பார்க்காத கண் எதற்கு என்று அன்னத்தாயை வைதார். காசைப் போட்டது யார் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒப்பந்தக் கூலிக்கு அந்த வாய் இருந்தால் வேலை இருக்காது.

தொட்டியில் ஏற்கெனவே இருந்த கேஸ் ஒரு டீ போடக்கூடக் காணாது. சாயங்காலம் சூரியபிரகாஷ் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, வீட்ல சிலிண்டர் இருக்கா?"

"போன வாரந்தான் மாத்துனது சார்."

"நாளைக்கு ஒரு நாள் கொண்டாங்க. செவுத்துக்குப் பின்னாடி வச்சுக் குழாயச் சொருகிருவோம். மிஷின் விசயத்துல ஒங்க பேரு வராம நான் பாத்துக்கிறேன்."

அவர் வீட்டுச் சிலிண்டருக்கு என்ன என்று அவள் கேட்டாள். வீட்டில் விருந்தாட்கள் வந்திருக்கிறார்களாம்.

அதிகாரிகள் வந்தார்கள். அடுப்பு நீலமாக, நின்று எரிந்தது. அதில் அன்னத்தாயே டீ போட்டுக் கொடுத்தாள். வாழைக்கழிவில் போட்ட டீ என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஒருவர் வியந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் இன்னொரு குழு வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சிலிண்டரைக் கழற்றப் போனவளைச் சூரியபிரகாஷ் தடுத்தார். "அடுத்த வாரமும் வேணும்லக்கா. சும்மாச் சும்மா கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க முடியாது. இருக்கட்டும்."

பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டும். குவியலின் ஓரத்தில் காய்ந்து கிடந்த தென்னைமட்டைகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் கோட்டைச்சாமி நின்றான். உறவுக்காரன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டையே பார்த்தான்.

"கோவிச்சுக்காதீக மதினி. இங்கனருந்து ஒரு எலகூட வெளிய போகக்கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காக. எல்லாம் கேஸுக்கு உள்ளதாம்."

அன்னத்தாய் திரும்பி வந்து, உடைந்த மிஷினின் வாசலில் கட்டைப் போட்டாள். உள்ளே அவள் சிலிண்டரில் சூரியபிரகாஷுக்கு டீ கொதித்துக்கொண்டிருந்தது.