பின் பிரேக்

"இந்தப் பின் பிரேக்க யாரு சார் கழட்டி மாட்டுனது?" என்று கேட்ட அந்த நொடிவரை, அப்படி ஒரு கேள்வியைக் கேட்கப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. மோட்டார் சைக்கிளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் உட்கார்ந்து ஓட்டலாம் என்பதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளை அரைத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவனுக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு நாலு நாள் தலைவலி வரும் என்று அறிந்தவன், தன் தொழிலில் ஒரு வார்த்தை கூடக் குறையப் பேசமாட்டான். கடையை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் முதலாளியின் முகம் கறுத்திருக்கும். புது வண்டிக்கு வக்கில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், விளம்பரத்தைப் பார்த்து, மச்சினனையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு முற்றத்தில் வந்து நின்றிருந்தான்.

மச்சினன் செல்போன் கடையில் விற்பனையாள். பேசியே விற்கத் தெரிந்தவன், பேசியே வாங்கவும் தெரியும் என்று நம்புகிறவன். வருகிற வழியெல்லாம் பாடம் நடத்தினான். "பழசு வாங்குறதுக்கு ஒரே ஒரு வழிதான் மாமா. எதப் பாத்தாலும் மூஞ்சியச் சுளிங்க. பாதி விலை அங்கயே எறங்கிடும்."

ஆனால் அந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்க இடமே கொடுக்கவில்லை. கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியின் மேல் போர்த்தியிருந்த பழைய படுக்கை விரிப்பை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கேட்காமலே குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "செயின் மாத்தணும் தம்பி. பாட்டரி செத்துப்போச்சு. எட்டு மாசமா ஓட்டல, பின் டயர் வெடிப்பு விட்டிருக்கு. முன்சக்கரத்தத் தாங்குற போர்க் லேசா வளைஞ்சு நிமித்துனது. பாத்துக்குங்க, அப்புறம் சொல்லலன்னு ஆயிடக்கூடாது."

இப்படி ஒரு மனிதரிடம் என்னத்தைக் குறை சொல்வது? மச்சினன் பின்னால் நின்று கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தான். ஏதாவது சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க. வேறு வழியில்லாமல் அவன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். கால் போன இடத்தில் பின் பிரேக் மிதி இருந்தது. அதை இரண்டு முறை அமுக்கினான். பிறகுதான் அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்தது.

"நான்தான்," என்றார் கடைசல்காரர். "ஏன், என்னாச்சு?"

அவர் குரலில் ஏதோ மாறியிருந்தது. அதை அவன் கவனித்தான். விலை இறங்கப்போகிறது என்று மட்டும் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டான். ஆரம்பித்த பிறகு பின்வாங்க முடியாது. நோயாளியின் சீட்டைப் பார்த்துப் பேசும் டாக்டரின் தோரணை அவனுக்குத் தானாக வந்தது. "தெரியாதவங்க கை வச்ச மாதிரி இருக்கு சார். அவசரத்துல மிதிச்சா சக்கரம் அப்படியே இறுகிக்கும். ஆளையே தூக்கி அடிச்சுடும்."

வாசல் கதவருகே அவருடைய மனைவி தட்டில் டீயோடு வந்து நின்றிருந்தார். அவர் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனை மட்டும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டோடு உள்ளே போய்விட்டார். கடைசல்காரர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். "நீங்க என்ன தர்றீங்களோ தாங்க," என்றார். "எடுத்துட்டுப் போயிடுங்க."

கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்து நீட்டினார். "பேப்பர் எல்லாம் இதுல இருக்கு." வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மச்சினன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "மாமா! நீங்க பெரிய ஆளு! நானே நம்பிட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "கொண்டுவந்த டீயத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க பாத்தீங்களா, கருமி," என்றான். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வண்டி அவனைப் பாடாய்ப் படுத்தியது. கடைசல்காரர் சொன்னதெல்லாம் எழுத்துப் பிசகாமல் உண்மை. பாட்டரி, செயின், பல்சக்கரம் இரண்டும், டயர். சொல்லாததும் சில வந்து சேர்ந்தன. நின்றே கிடந்ததில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்த மறுவாரம் மறுபடியும் அடைத்தது. மூன்றாவது சனிக்கிழமைக்குள், பேரம் பேசிக் குறைத்த தொகை வந்த சுவடு தெரியாமல் போயிற்று. "இது வண்டியா, இன்னொரு மாமியாரா?" என்றாள் மனைவி. "வாராவாரம் எதையாவது வாங்கிக் குடுத்துட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க." அவள் சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் சனிக்கிழமை மதியங்களில் மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தது நாலு வாரமாகத் தள்ளிப்போனது. மகள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஆனாலும் கடையில் அவன் அந்தப் பின் பிரேக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கல்லாவில் இருப்பவரிடம் சொன்னான். கண் பரிசோதிக்க வரும் டாக்டரம்மாவிடம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. சொல்லிச் சொல்லி அந்தப் பிரேக்கில் உண்மையாகவே கோளாறு இருக்கிறது என்று அவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நாலாவது சனிக்கிழமை மெக்கானிக்கிடம், "அந்தப் பின் பிரேக்கையும் ஒருதடவ பாத்துடுங்க," என்றான்.

மெக்கானிக் பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டித் தகரக்கொட்டகை போட்டிருந்தார். மனிதர்களிடம் பேசுவதைவிட எஞ்சினிடம் அதிகம் பேசுகிறவர். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன கொறையக் கண்டீங்க?" என்றார்.

"சும்மா, ஒரு சந்தேகம்."

"பிரேக் ஷூ புதுசு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தா அதிகம். இங்க பாருங்க, இந்தப் புஷ்." சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை வளையத்தைக் காட்டினார். "இது கடையில வாங்குனது இல்ல. கடைசல்ல போட்டது. ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு இழுத்திருக்காரு பாருங்க, கிரீஸ் நிக்கிறதுக்கு. கம்பெனிக்காரன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். இந்தப் பிரேக்க நம்பி மலையிலேருந்து எறங்கலாம்."

அவனுக்குக் காது மடல் சூடானது. அவ்வளவுதான். வியாபாரத்தில் ஒரு பொய், அது யாருக்கு நஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். பிறகு அவருக்குத்தான் நஷ்டம் என்றும் தோன்றியது. அதை அப்படியே விட்டுவிட்டான்.

மறுவாரம் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனான். அந்தப் பழுப்பு உறையை வண்டிப் பெட்டியிலேயே ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தானே தவிர, ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. கவுன்டரில் இருந்த அம்மாள் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓர் இடத்தில் பென்சிலால் சுழித்தார். "இங்க ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு."

"நேரா ஓனர்கிட்டயே போய் வாங்கிட்டு வந்துடுறேம்மா."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "ஓனர்தான் இல்லையே சார். வாரிசு கையெழுத்து. அவங்க அப்பா போடணும்." காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

இறப்புச் சான்றிதழ். வயது இருபத்தாறு. அதன் கீழே காவல் நிலையத்திலிருந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்த கடிதம். சாலை வளைவு, வண்டி சறுக்கியது, நடுத்திட்டுக் கல்லில் தலை. அவன் தினமும் வேலைக்கு ஓட்டிப்போகிற வண்டியின் எண்தான் அதில் இருந்தது. தேதியைப் பார்த்தான். எட்டு மாசமா ஓட்டல தம்பி. போர்க் லேசா வளைஞ்சு நிமித்துனது. ஆளையே தூக்கி அடிச்சுடும் என்று அவன் சொன்னபோது கதவருகே நின்ற டீத் தட்டு.

பின்னால் வரிசையில் இருந்தவர் தோளைத் தொட்டு, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அவன் நகர்ந்து சுவரோரம் போய் நின்றான். மச்சினனுக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சினன், "நீங்க என்ன மாமா, தெரிஞ்சா சொன்னீங்க? வெலைக்காகச் சொல்றதுதானே, எல்லாரும் சொல்றாங்க," என்றான். அதுவும் சரிதான். ஆனால் அந்தச் சரி எதற்கும் உதவவில்லை.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனான். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனான். அதை அவர் கண்ணில் காட்ட மனம் வரவில்லை. கதவு திறந்திருந்தது. கடைசல்காரர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று நாலு டம்ளர்கள், கழுவாமல். ஒரு மாதத்தில் சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்திருந்தார். அவனை அடையாளம் தெரிந்ததும் எழுந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார்.

"பிரேக்க சரி பண்ணிட்டீங்களா தம்பி?"

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "ஐயா, அதுல சரி பண்ண ஒண்ணுமே இல்ல. நான் அன்னைக்கு வெலையக் கொறைக்கறதுக்காகச் சொன்னது. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவன் நான்."

கடைசல்காரர் தலையை ஆட்டினார். புரிந்துகொண்ட தலையாட்டல் இல்லை அது. "பேப்பரப் பாத்துட்டீங்க போல," என்றார். "நல்ல மனசு உங்களுக்கு. ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஆனா அன்னைக்கு நீங்க எதுவும் தெரியாம சொன்னதுதான் உண்மை. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் ஷூ மாத்துனேன். கடையில குடுத்துக்கறேன்ப்பான்னு பையன் சொன்னான். வேணாம்னுட்டேன். நம்ம கையில தொழில் இருக்கு, எதுக்கு வெளிய குடுக்கணும்னு ஒரு திமிரு." அவர் தன் கைகளைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசமா எனக்குள்ள ஒரு சந்தேகமாத்தான் இருந்துச்சு. வெளிய சொல்லல. நீங்க சொன்னீங்க. அவ கேட்டுட்டா."

"அம்மா..."

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. நீங்க வந்துட்டுப் போன மூணாம் நாளு. சண்டையெல்லாம் போடல. முப்பத்தோரு வருஷத்துல என்கூட சண்டையே போட்டதில்ல."

பொய்யைச் சொன்னபோது எவ்வளவு சுலபமாக நம்பினார் இவர், என்று அவன் நினைத்தான். உண்மையைச் சொல்ல அவனுக்கு அன்றைய தோரணையும் கிடைக்கவில்லை, குரலும் எழவில்லை. மெக்கானிக் சொன்னதைத் திக்கித் திணறிச் சொன்னான். ஷூ புதுசு என்றான். அது விபத்துக்குப் பிறகு பட்டறையில் மாற்றியிருப்பார்கள் என்றார் அவர். மலையிலிருந்து இறங்கலாம் என்று மெக்கானிக் சொன்னதைச் சொன்னான். மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. தன்னைத்தானே குற்றம் சாட்ட அவருக்கு ஒரு மாதம் அவகாசம் கிடைத்திருந்தது.

"பித்தளைப் புஷ் ஒண்ணு இருந்துச்சு," என்றான் கடைசியாக. "கடைசல்ல போட்டதுன்னாரு."

அவர் நிமிர்ந்தார். "ஓரத்துல கோடு இருந்துச்சா?"

"மெல்லிசா. கிரீஸ் நிக்கிறதுக்குன்னாரு."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம் ஐயா. நான் கண்ணால பாத்தேன். சக்கரம் சுலபமாச் சுத்துச்சு, மிதிச்சா நின்னுச்சு. எடுத்தா விட்டுச்சு."

அவர் முகத்தில் நிம்மதி தெரியும் என்று அவன் காத்திருந்தான். அது வரவில்லை. "அப்போ அவன்தான் வேகமாப் போனானா?" என்று கேட்டார். அவனைப் பார்த்துக் கேட்டதுபோல இல்லை. அந்தக் கேள்விக்கு அவனிடம் என்ன இருக்கிறது? ரோட்டில் மணல் கிடந்திருக்கலாம், எதிரே நாய் வந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். தெரியாததைப் பற்றி ஒருமுறை பேசியது போதும் என்று மூடிக்கொண்டான்.

கடைசல்காரர் கையெழுத்தைப் போட்டார். பென்சில் சுழிக்குள் அடங்கிய சிறிய, நேரான கையெழுத்து. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி," என்றார். "கேட்டவ அவதானே."

"நம்பர் குடுங்க ஐயா. நான் பேசறேன்."

அவர் தன் போனை எடுத்தார். எண்ணைத் தேடக் கொஞ்ச நேரமாயிற்று. மகள் எடுத்தாள். "அம்மாகிட்ட குடு," என்றார். "நான் பேசலன்னு சொல்லு. வண்டி வாங்குனவரு பேசறாரு." அந்தப் பக்கம் காலடிச் சத்தம், ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு. பிறகு ஒரு குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். அவர் ஒலிபெருக்கியைப் போட்டு, டம்ளர்களை ஒதுக்கி, போனை மேசை நடுவில் வைத்தார்.

"அம்மா, நான் அன்னைக்கு பிரேக்க பத்திச் சொன்னேன்ல," என்று அவன் ஆரம்பித்தான். "அது பொய்ம்மா." எல்லாவற்றையும் சொன்னான். மச்சினன் ஜாடை காட்டியதை, தெருமுனையில் சிரித்ததை, கடையில் ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதைக்கூட. புஷ்ஷைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரோ குழாயை மூடியிருந்தார்கள். "ஐயா பண்ணுன வேலையில ஒரு கொறையும் இல்லம்மா," என்று முடித்தான்.



கடைசல்காரர் போனை நோக்கிக் குனிந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் நிமிடமும் நொடியும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அணையப்போகிற நேரத்தில் அவர் ஒரு விரலால் மெல்லத் தொட்டார். திரை மறுபடி ஒளிர்ந்தது. எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டார்.