கரடிக்கு எந்தத் துப்பாக்கி

நியூசிலாந்தில் கரடி கிடையாது. பாம்புகூடக் கிடையாது. நாங்கள் குடியிருக்கிற மாசி என்கிற புறநகரில், வீட்டுக் கொல்லைக்கு வருகிற பெரிய பிராணி பக்கத்து வீட்டுப் பூனைதான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதமாக என் வீட்டுக்காரர் பாஸ்கரன் கரடியைச் சுடக் கைத்துப்பாக்கி தேடினார் என்றால், என் பொறுமையை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

காரணம் எங்கள் மகள் தேவதர்ஷினி. விலங்கியல் படித்தவள். அலாஸ்காவில் ஓர் ஆற்றங்கரை முகாமில், அங்கே கோடை முழுக்க சால்மன் மீன் எண்ணுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. மீன் இருக்கிற இடத்துக்கு அதைத் தின்னக் கரடியும் வரும். அவ்வளவுதான், பாஸ்கரனுக்குத் தூக்கம் போயிற்று. "போகட்டும். ஆனா துப்பாக்கியை நான்தான் செலக்ட் பண்ணுவேன்" என்றார். கார் வாங்கும்போதும் இந்தக் கூத்துத்தான். அவர் செலக்ட் பண்ணி முடிப்பதற்குள் ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் பஸ்ஸில் போனோம்.

காலையில் ரிவால்வர். "எங்கயும் சிக்காது, மழையில நனைஞ்சாலும் வேலை செய்யும்" என்பார். சாயங்காலம் மாறிவிடும். "அதுல ஆறு குண்டுதான். டென் எம்எம் பிஸ்டல்னா பதினஞ்சு போகும். ஆனா அவசரத்துல சிக்கிக்கிட்டா என்ன பண்றது?" கேட்பது யாரை? சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிற என்னை. ஒருநாள் துவரம்பருப்பை ஒன்றரைக் கிலோ நிறுத்துப் பையில் கட்டி, மகளிடம் கொடுத்துக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். குண்டு போட்ட ரிவால்வரின் எடையாம். பை அவிழ்ந்து ஹால் முழுக்கப் பருப்பு. பொறுக்கியது நான்.

பக்கத்துப் பகுதியான ஹென்டர்சனில் இருக்கிற எங்கள் நண்பர் பீற்றர் மன்னார்க்காரர், துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். யோசனை கேட்க அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்தார் இவர். பீற்றர் கோழிக்குழம்பை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "பாஸ்கரன், நான் சுடுறது பேப்பருக்கு. பேப்பர் திருப்பிப் பாயாது. பாய்ஞ்சு வாற கரடியைக் கைத்துவக்கால அடிக்கிறது லேசில்லை. அந்த முகாமில என்ன சொல்லினம் எண்டு பிள்ளையோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

பிள்ளை எப்போதோ சொல்லிவிட்டாள். முகாமுக்குச் சொந்தத் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. ஆளுக்கொரு மிளகாய் ஸ்பிரே கொடுப்பார்கள். பயிற்சி பெற்ற காவலரிடம் மட்டும் நீளத் துப்பாக்கி இருக்கும். அதைக் காதில் வாங்கினால் அவர் பாஸ்கரன் இல்லையே. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்ப்பதுபோல, முகாம் தலைவிக்கே மெயில் போட்டுவிட்டார். என் மகளுக்கு மெல்லிய மணிக்கட்டு, ரிவால்வர் உதைக்கும், டென் எம்எம் கொடுங்கள். எதிர்க்காற்று அடித்தால் ஸ்பிரே அவள் கண்ணிலேயே விழும். அவளுக்கு நடுவில் உள்ள கூடாரமாகக் கொடுங்கள். கீழே தன் பெயர், படிப்பு, பதவி, போன் நம்பர்.

பதில் மகளுக்கு வந்தது. உனக்குக் கரடி என்றால் பயம் போலிருக்கிறது, பயப்படுகிற ஆள் கூட இருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து, வீடியோவில் பேசிவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று.

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அவள். அன்றைக்குத் தமிழிலேயே வந்தது. "என் பாஸுக்கு எங்கப்பா மெயில் போடுறாரு. எனக்கு எவ்ளோ அசிங்கமா இருக்கு தெரியுமா? இந்த வேலை போச்சுன்னா உங்ககூட நான் பேசவே மாட்டேன்."

"உன் நல்லதுக்குத்தானம்மா" என்றார்.

"நல்லாக் கெடுத்தீங்க" என்றேன் நான். எனக்கு மட்டும் பயம் இல்லையா? பெற்றவள் நான். என் பயத்தை நான் யாருக்காவது மெயில் போட்டேனா?

வீடியோவில் பேசுகிற நாள் வந்தது. அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்து நின்றோம். கரடி எதிரே வந்தால் என்ன செய்வாய் என்று முகாம் தலைவி கேட்டாள். ஓட மாட்டேன் என்றாள் மகள். முதுகைக் காட்ட மாட்டேன். கைகளை விரித்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்னால் நடப்பேன். நெருங்கி வந்தால் ஸ்பிரே அடிப்பேன். குரலில் நடுக்கமே இல்லை. கடைசியில், கரடிக்குப் பயப்படுவது என் அப்பா, நான் இல்லை என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். வேலை உண்டு, ஆனால் அப்பா இனிமேல் எழுதக் கூடாது.

பாஸ்கரன் மெல்லப் போய் சோபாவில் உட்கார்ந்தார். "என்னையா சொல்றா?" என்றார்.

"பின்ன என்னையா?" என்றேன்.

அதோடு துப்பாக்கிப் பேச்சு நின்றது. எல்லாப் பேச்சுமே நின்றது. அவர் அவளோடு பேசவில்லை, அவள் அவரோடு பேசவில்லை. "சாப்பிட வரச் சொல்லு", "பசிக்கலைன்னு சொல்லு" என்று நடுவில் நான் தூது போனேன். கிளம்புகிற மகளோடு உட்கார்ந்து பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. கடைசி வாரம் முழுக்க இவர்கள் வீம்பிலேயே போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமான நிலையத்திலும் அதே வீம்பு. என்னைக் கட்டிக்கொண்டு, முத்தம் கொடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவர் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை போனவள் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு இவரிடம் திரும்பி வந்தாள். சட்டென்று கட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"அப்பா, அப்படியே நில்லுங்க. ஒண்ணும் ஆகாது. நான் போறேன், பத்திரமாப் போறேன்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே, முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பையைத் தடவி எடுத்து, உள்ளே மறையும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். அவர் அசையவே இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

நானும்தான் அழுதேன். இரண்டு மாதம் எல்லோரையும் படுத்தி எடுத்தவருக்கு அவள் முகம். வாயை மூடிக்கொண்டு பருப்புப் பொறுக்கிய எனக்கு அவள் முதுகு. அடுத்த தடவை அவள் கிளம்பும்போது நானும் யாருக்காவது மெயில் போடத்தான் போகிறேன்.