ஆறாவது ஓட்டை

டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ரயிலில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் சரிபார்த்த கண் இது. கழிப்பறைக்குள் ஒளிகிறவன், தூங்குவது போல நடிக்கிறவன், போனைக் காதில் வைத்துக்கொண்டு இல்லாத ஆளோடு சண்டை போடுகிறவன், எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட என் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தார் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் ஒரு காட்டுப் பாதை உண்டு. மரங்களுக்குள் புகுந்து, ஓடை மேல் ஒரு மரப்பாலம் தாண்டி, கிளம்பிய வாசலுக்கே கொண்டுவந்து விடும். இரண்டரை கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது. வாசல் பலகையிலேயே 'எளிய பாதை' என்று எழுதியிருக்கும். வெளியூரில் இருக்கும் மகள் அடி எண்ணுகிற வாட்ச் ஒன்று வாங்கி அனுப்பினாள். அப்பா எங்கே, எவ்வளவு நடக்கிறார் என்ற கணக்கு அவள் போனிலும் விழும், என் போனிலும் விழும்.

முதலில் ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பிறகு நாற்பது. அப்புறம் திடீரென்று இருபத்திரண்டு. மகள் துள்ளிக் குதித்தாள். நானும்தான் பூரித்துப் போனேன். போன வாரம் டாக்டரிடம் போனை நீட்டி, பாருங்கள் எங்கள் ஆளை என்று பெருமையடித்தேன். அவரும் அசந்துபோய் இரண்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. அரை மணி நேரத்துக்குள் காட்டைச் சுற்றி வருகிற மனிதர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மழை பெய்த மறுநாளும் ஷூ அடியில் சேறு இல்லை. அன்று சார்ஜில் கிடந்த வாட்சை எடுத்துப் பார்த்தேன். அவர் எப்போதும் நான்காவது ஓட்டையில்தான் வாரை மாட்டுவார். ஆனால் ஆறாவது ஓட்டையில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ஆறாவது ஓட்டை என்றால் ஒல்லியான மணிக்கட்டு. எவள் மணிக்கட்டு? எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நெஞ்சு ரிப்பேராகி நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஐயாவுக்கு இந்த வயதில் இது வேறு.

கேட்டால் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கதை சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ரயிலில் நாங்கள் இரண்டு முனையிலிருந்தும் ஏறுவோம். நழுவுகிறவன் எதிரில் வருகிற ஆளிடம் தானாக வந்து மாட்டுவான். காட்டுப் பாதை ஒரு வட்டம்தானே. எல்லோரும் அம்புக்குறி காட்டுகிறபடி இடது பக்கம் போவார்கள். மறுநாள் காலை அவர் கிளம்பிப் பத்து நிமிடம் விட்டு நான் வலது பக்கம் நுழைந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன்.

மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் எதிரே ஓடி வந்தாள். முப்பது வயதிருக்கும். தொளதொளவென்று ஒரு ஜாக்கெட். கையை நீட்டி மறித்து நிறுத்திவிட்டேன். அந்த ஜாக்கெட் கைக்கு மேல், வார் கடைசி வரை தளர்த்தி, எங்கள் வாட்ச்.

"இது யாரோட வாட்ச்?"

அவள் மூச்சு வாங்கினாள். முழியில் திருட்டுத்தனம் இல்லை, அதுதான் என்னைக் குழப்பியது.

"முதல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற சார் குடுத்தது. அவருக்கு முட்டி வலியாம். அடிக்கணக்கு குறைஞ்சா பொண்ணு வருத்தப்படுவான்னு சொன்னார். நான் எப்படியும் ஓடுறவதானே அக்கா."

முட்டி வலியா? என்னிடம் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு மிச்சப் பாதையை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது.

முதல் பெஞ்ச் வாசலிலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. அவர் குனிந்து, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தயாராக வைத்திருந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு மாசமா. இதுவரைக்கும் வர்றதே பெரும்பாடு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நடக்க முடியலைன்னா நெஞ்சைத் திறக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல. எங்க அண்ணன் அந்த மேசையில படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பயம்மா."

பாவி மனிதர், அந்த இரண்டு மாத்திரைகளை நிறுத்தியபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். போனை நீட்டிப் பல்லைக் காட்டியவள் நான். வாட்ச் கட்டி ஓடிய அந்தப் பெண் வேறு மாதிரியானவளாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். கத்திச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

வாட்ச் என் கையில் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி. பதினைந்து நிமிடத்திலேயே பாலத்தைத் தாண்டிவிட்டாராம், கலக்குகிறாராம் அப்பா. அவரிடம் காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஓர் அடிகூட நடக்க விடாதீர்கள், பூங்கா வாசலுக்கே ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும் என்றார்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அவர் கையை இழுத்து வாட்சைக் கட்டினேன். நான்காவது ஓட்டையில் மாட்டினேன். நழுவி உள்ளங்கைக்கு வந்தது. ஐந்தாவதில் போட்டேன், அதுவும் தளர்ந்தது.

ஆறாவதில் நின்றது.