செவ்வாய்க்கிழமை எடுத்த சுகர் கிளைடர்கள்

வந்து நின்று ஐந்து நிமிடமாயிற்று. சேயோன் காரை அணைத்தான், குளிர் ஏற மறுபடி போட்டான், திரும்பவும் அணைத்தான். பக்கத்தில் அவன் மனைவி சுபானி வெறும் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எதிர்வீட்டு யன்னலில் திரைச்சீலை விலகி மூடியது.

அந்த வீட்டு மார்த்தா வளர்க்கும் சுகர் கிளைடர்களில் ஒரு சோடிக்காக அவர்கள் ஐந்து மாதம் காத்திருந்தார்கள். அணிலிலும் சின்னப் பிராணி. கைகாலுக்கிடையில் தோலை விரித்துக் கொப்புக்குக் கொப்பு சறுக்கிப் பறக்கும். தனியே விட்டால் தன் மயிரைத் தானே பிடுங்குமென்று மார்த்தா ஒன்றை மட்டும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. சேயோன் பேர்லின் வீட்டில் இரண்டு மீற்றர் உயரத்துக்குக் கூண்டடித்து, அப்பிள் மரக் கொப்புகள் கட்டி, இருபத்தைந்து பாகைச் சூடு நிற்கிறதா என்று மூன்று கிழமை எழுதிவைத்துப் படமும் அனுப்பினான். கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, கடித்தால் நஞ்சு, மாற்றுங்கள் என்று பதில் வந்தது. மாற்றினான். சரித்துத் திறக்கும் யன்னல் இடுக்கில் அவை நசுங்கிப்போகும் என்று வந்தது. வலை அடித்தான். உங்கள் மணம் ஏறட்டும் என்றதற்காகத்தான் அந்தத் துணிப்பை ஒரு கிழமை தலையணைக்கடியில் கிடந்தது.

இவ்வளவும் பார்த்தவன், மார்த்தாவைச் சந்திக்க டேர்மின் குறிக்கும்போது நல்ல நேரம் பார்க்கவில்லை. செவ்வாய், மூன்று மணி. புறப்படுவதற்கு முதல்நாள்தான் சுபானி நாட்காட்டியைப் பார்த்தாள்: மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். ஏற்கெனவே ஒருதரம் மாற்றியதால் இன்னொருதரம் கேட்க அவனுக்கு முகமில்லை. இரண்டரைக்கே வாங்கிவிடலாமென்று வெள்ளெனப் புறப்பட்டும், நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒரு மணித்தியாலம் அசையவில்லை; வந்து சேர மூன்று தாண்டிவிட்டது.

"நாலரை மட்டும் இருங்கோ," என்றாள் சுபானி.

"நாலுக்கு அடுத்த ஆக்கள் வருகினம். நாங்கள் போகாட்டி அவைக்குத்தான் குடுப்பா."

"உயிருள்ளதை ராகுகாலத்திலை தூக்கினா தங்காது."

அவன் கதவைத் திறந்து இறங்கினான், ஏறினான். டிசம்பர் வெயில் அதற்குள் கூரைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் திடீரெனச் சட்டைப்பையிலிருந்து பேனையும் ஒரு தாளும் எடுத்தான்.

"பகலை எட்டாப் பிரிச்சு, செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. ஊரிலை ஆறுக்கு விடிஞ்சு ஆறுக்குப் படும், அதாலைதான் மூண்டு மணி. இஞ்சை இண்டைக்கு எட்டுக்கு விடிஞ்சு நாலுக்குப் படுது. ரண்டிலை துவங்கி மூண்டோடை முடிஞ்சுது."

சுபானி தாளை வாங்கி இரண்டுதரம் கணக்குப் போட்டாள். பிழையில்லை. ஆனால் முகம் தெளியவில்லை.

"அப்ப நாங்கள் வீடு குடிபுகுந்தது? தை வெள்ளி, ராகுகாலம் முடிஞ்சுதெண்டு பன்னிரண்டு அடிச்ச கையோடை. தையிலை எட்டேகாலுக்கு விடிஞ்சா பன்னிரண்டேகால் மட்டும் நிக்குமே."

"அதைப் பிறகு பாப்பமே."

கார்க் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. மார்த்தா கோட்டுகூடப் போடாமல் வந்து நின்றாள். மனம் மாறிவிட்டதா என்று ஜெர்மனில் கேட்டாள். வாசலில் யோசிக்கிறவர்கள் ஒரு மாதத்தில் திருப்பிக்கொண்டு வருவார்கள், அதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்றாள். சேயோன் சொல் தேடுவதற்குள் சுபானி இறங்கிவிட்டாள். "இல்லை, வாறம்," என்று தமிழிலேயே சொன்னாள்.

உள்ளே, தூக்கத்திலிருந்த இரண்டையும் மார்த்தா துணிப்பைக்குள் விட்டாள். சின்ன அரம் உராய்வதுபோல் உள்ளே இருந்து கோபச் சத்தம் வந்தது. சுபானி அந்தச் சூட்டைக் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. ஒரு கையால் பையை அணைத்துக்கொண்டு, மறுகையால் போனில் பழைய நாட்களின் சூரிய உதயத்தை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடை கலியாண எழுத்திலை கையெழுத்து வைச்சது எத்தினை மணிக்கு?"

"ஞாபகம் இல்லை," என்றான் சேயோன்.

கூண்டின் சூட்டை மூன்று கிழமை எழுதிவைத்தவனை அவள் திரும்பிப் பார்த்தாள். கோட்டுக்குள் இரண்டும் இடம் மாறிப் படுத்தன.